முதல் பிசிபி ஏர் ரைஃபிள்: பத்து மீட்டர் போட்டிக்கு வருகிறவர்கள் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தோழி ஒருத்தியோடு மதுரையில் ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போக ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்ற கட்டம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. போட்டிக்கு நாள் நெருங்குகிறதே என்ற பதற்றத்தில், தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பழைய ஜெர்மன் ரைஃபிளை 1,35,000 ரூபாய்க்கு வாங்கினோம். கிளப்புக்குக் கொண்டுபோன அன்றே கோச் அதன் காற்றுச் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். ஆயுள் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. காற்று நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கியின் உடற்பகுதியான ஸ்டாக்கை எவ்வளவு குறைத்தும் அவள் தோளுக்கும் கைக்கும் பொருந்தவில்லை. புது சிலிண்டர் வந்து சேர நான்கு மாதம் ஆனது. அந்த சீசன் முழுவதும் அவள் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டாள்.

அந்த நான்கு மாதத்தில் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இரண்டாவது முறை ஒழுங்காக வாங்கியபோது கற்றதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கானது. பிசிபி என்பது சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) தள்ளும் வகை. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை மடக்கி இழுக்கும் பழைய வகையைவிட அதிர்வு மிகக் குறைவு. இன்று போட்டிகளில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இதுதான் இருக்கிறது.

1. முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

கிளப்பில் சேருங்கள். அங்கே இருக்கும் துப்பாக்கியில் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் சுடுங்கள். இந்தக் காலத்தில் தெரியவேண்டியவை மூன்று. உங்களுக்கு (அல்லது பிள்ளைக்கு) நின்றபடி ஒன்றேகால் மணி நேரம் சுடும் பொறுமை இருக்கிறதா? எந்தக் கண் ஆளும் கண்? நிற்கும் நிலை ஓரளவு படிந்துவிட்டதா?

ஆளும் கண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் ஒரு பொருளை விரலால் சுட்டிக்காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் பொருளை விட்டு நகராமல் நிற்கிறதோ, அதுதான் ஆளும் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருந்தால், எந்தப் பக்கம் சுடுவது என்று கோச்சோடு பேசி முடிவெடுத்த பிறகே துப்பாக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும். பிடி, பெல்லட் போடத் திறக்கும் போல்ட், கன்னம் சாய்க்கும் சீக் பீஸ் எல்லாமே வலது, இடது என்று மாறும். எங்களோடு சேர்ந்த ஒரு பையனுக்கு இது பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் வலது கைப் பிடி உள்ள துப்பாக்கியை வாங்கி முடித்திருந்தார்கள்.

2. எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் "போட்டிக்கு ஆகும்" என்று சொல்வதை மட்டும் வைத்து வாங்கவே கூடாது. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனம்) விதிப்படி பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டம் கொண்டதாக இருக்க வேண்டும். எடை சைட் (குறிபார்க்கும் கருவி) உட்பட 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பெல்லட்தான். டெலஸ்கோப் கூடாது. பின்னால் சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டும், முன்னால் வளையமும்தான் வழக்கம். ஆண்கள், பெண்கள் இருவருக்கும் 60 ஷாட், 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயாராகவும் சோதனைக்குச் சுடவும் தருவார்கள்.

இணையத்திலும் கடைகளிலும் பிசிபி என்று கேட்டால் முதலில் காட்டுவது வேறு ரகம். மேகசின் போட்டது, டெலஸ்கோப் மாட்டியது, 5.5 மில்லிமீட்டர் பேரல் (குழல்), வேகம் அதிகம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகத் தெரியும். ஆனால் அதைக் கொண்டு எந்தப் பத்து மீட்டர் ரேஞ்சிலும் நிற்க முடியாது. அதுமட்டுமல்ல, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ இருந்தால் ஏர் கன்னுக்கும் லைசென்ஸ் வேண்டும். போட்டி ரைஃபிளின் ஆற்றல் 7.5 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 168 மீட்டர் வேகத்தில் போனால் அந்தக் கணக்கு வரும். பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அதுவே தாராளம். வேகம் கூடினால் அதிர்வும் கூடும் என்பதால் அதிக வேகம் இங்கே குறைதான்.

உள்ளூர், மாநில அளவிலான போட்டிகள் பலவற்றில் ஓப்பன் சைட் பிரிவும் தனியாக இருக்கும். அதில் பீப் சைட் இல்லாத துப்பாக்கிக்குத்தான் இடம். பணம் இறுக்கமாக இருந்தால் அந்தப் பிரிவில் இந்தியத் தயாரிப்பை வைத்து ஒரு வருஷம் சுட்டுவிட்டுப் பிறகு மாறலாம். அது நல்ல வழிதான். எந்த வழியில் போகிறீர்கள் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே கோச்சிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3. காற்று எங்கிருந்து வரும் என்று பாருங்கள்

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே வருகிறது. வழி மூன்று உண்டு.

கிளப்பில் கம்ப்ரசரோ பெரிய சிலிண்டரோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு முறை நிரப்பினால் மாடலைப் பொறுத்து 200 முதல் 400 ஷாட் வரை வரும். ஒரு முழுப் போட்டிக்குச் சோதனை ஷாட்டுகளையும் சேர்த்து நூறு போதும். அப்படியானால் இரண்டு மூன்று நாள் பயிற்சி ஓடும்.

ஸ்கூபா சிலிண்டர் வாங்கி வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. 10 அல்லது 12 லிட்டர் அளவில் கிடைக்கும். அதன் அழுத்தச் சோதனைத் தேதி உடம்பில் குத்தியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரிய சிலிண்டரில் 170 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மீதி இருந்தால் துப்பாக்கிக்கும் 170 பார்தான் ஏறும். கெடுதல் ஒன்றுமில்லை, ஷாட் எண்ணிக்கைதான் குறையும். சென்னை, புதுச்சேரி பக்கம் டைவிங் மையங்களில் சுவாசத் தரக் காற்று நிரப்பித் தருகிறார்கள். உள் மாவட்டங்களில் இருப்பவர்கள் எங்கே நிரப்புவது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்கூபா சிலிண்டருக்குப் பணம் போட வேண்டாம்.

மூன்றாவது, கைப்பம்பு. 100 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற நூறு தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணால் கடைசி முப்பது அடி முடியாது, வீட்டில் யாராவது செய்து கொடுக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பம்பு சூடானால் அந்த ஈரம் உள்ளே போய் சிலிண்டரையும் வால்வையும் கெடுக்கும். முப்பது நாற்பது அடிக்கு ஒரு முறை நிறுத்தி, ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள்.

இன்னொன்றை இரண்டு முறை படியுங்கள். வெல்டிங் கடையிலோ மருத்துவமனையிலோ கிடைக்கும் ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் துளி மசகும் ரப்பரும் அழுத்தத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கும். "அதுவும் காற்றுதானே" என்று சொல்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன். சுத்தமான, ஈரமில்லாத, சாதாரணக் காற்று மட்டும்தான்.

எத்தனை பார் வரை நிரப்பலாம் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ஃபைன்வெர்க்பாவ் போன்றவற்றில் 200 பார், வால்தர் சிலிண்டர்கள் பலவற்றில் 300 பார். சிலிண்டரில் எழுதியிருப்பதுதான் கணக்கு. உங்கள் கிளப்பில் 200 பார்தான் கிடைக்கும் என்றால் 300 பார் சிலிண்டருக்கு அதிகம் கொடுப்பதில் பயன் குறைவு.

4. உடம்புக்குப் பொருந்துகிறதா

பெயர் பெற்ற கம்பெனியா என்பதைவிட இதுதான் முக்கியம். எங்கள் முதல் துப்பாக்கியில் பேரல் அருமையாக இருந்தது. ஆனால் அவளுக்கு அது நீளம். தோளில் வைத்தால் கழுத்தை முன்னுக்கு நீட்டித்தான் சைட்டைப் பார்க்க முடிந்தது. இருபது ஷாட்டில் கழுத்து வலி வந்துவிடும்.

பார்க்கும் முறை இது. சுடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, காலியான துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, வழக்கமான நிலையில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை சீக் பீஸில் சாய்க்க வேண்டும். ஐந்து நொடி கழித்துக் கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமலேயே பீப் துளையின் நடுவில் முன் வளையம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சீக் பீஸின் உயரத்தையும் தோளில் பதியும் பட் பிளேட்டின் நீளத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றுவதற்குத் திருகு இருக்கிறதா, எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். வளரும் பிள்ளைக்கு இன்று சரியாக இருந்தால் மட்டும் போதாது, இன்னும் பத்து சென்டிமீட்டர் உயரம் கூடினாலும் இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. பெரியவர்களுக்கான மாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். ஜூனியர் மாடல்கள் 4 கிலோவுக்கும் கீழே வரும். 40 கிலோ எடையுள்ள குழந்தையிடம் ஐந்து கிலோவைக் கொடுத்தால் முதுகை வளைத்துத்தான் தாங்கும். அந்த வளைவு பழகிவிட்டால் திருத்துவது கஷ்டம், முதுகுக்கும் கெடுதல். லேசானதில் தொடங்கி, பலம் கூடக் கூட எடைக் கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பாரமா பின்பாரமா என்பதையும் பாருங்கள். தாங்கும் கைக்கு வெகுதூரம் முன்னே பாரம் இழுத்தால் அறுபது ஷாட் நிற்க முடியாது.

கைப்பிடி எஸ், எம், எல் என்று அளவுகளில் வரும். ட்ரிக்கர் விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி இயல்பாகப் போய் ட்ரிக்கரில் படிய வேண்டும். விரல் சாய்ந்து தொட்டால் அளவு தவறு. மர ஸ்டாக்கா அலுமினிய ஸ்டாக்கா என்ற விவாதத்தில் நேரம் போக்க வேண்டாம். அலுமினியத்தில் சரிசெய்யும் வசதி அதிகம். மரம் நம் வெயிலில் கன்னத்துக்கும் கைக்கும் இதமாக இருக்கும். இரண்டிலும் நன்றாகச் சுடலாம். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் முதல் துப்பாக்கிக்குத் தேவையில்லை.

5. புதியதா, பழையதா, எந்தத் தயாரிப்பு

ரேஞ்சில் அதிகம் பார்ப்பது வால்தர் எல்ஜி400, ஃபைன்வெர்க்பாவ் 700, 800, ஆன்ஷூட்ஸ் 9015, ஸ்டெயர், பார்தினி. இவற்றில் எதுவும் மோசமில்லை. எல்ஜி400, ஃபைன்வெர்க்பாவ் 800 போன்றவற்றில் ஒரே பேரலை வைத்து எளிய ஸ்டாக்கில் மலிவான மாடலும், எல்லாம் திருகி மாற்றக்கூடிய விலை உயர்ந்த மாடலும் தருகிறார்கள். புதியவர் எளிய மாடலை எடுத்தால் புள்ளியில் ஒரு குறையும் வராது.

என் யோசனை: உங்கள் கிளப்பில் எது அதிகம் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். போட்டியன்று ஒரு ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கிடைக்கும். சரிசெய்யத் தெரிந்தவரும் அங்கேயே இருப்பார். காற்று நிரப்பும் அடாப்டர்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிளப்பில் யாரிடமும் இல்லாத மாடலை வாங்கினால் அந்த அடாப்டருக்கே அலைய வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இறக்குமதிக்கான அனுமதித் தாள்கள் இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் சுங்கத்துறை நிறுத்திவிடும். முதல் துப்பாக்கியை இங்கே உள்ள விற்பனையாளரிடமோ கிளப் மூலமாகவோ வாங்குவதுதான் நிம்மதி.

6. பழையது என்றால் சிலிண்டர் தேதிதான் முதல் பார்வை

நாங்கள் பணத்தையும் நேரத்தையும் இழந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போட்டி ரைஃபிளின் சிலிண்டரில் தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். அதிலிருந்து பொதுவாகப் பத்து வருஷம்தான் பயன்பாட்டுக் காலம் என்று தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். சிலவற்றில் முடியும் தேதியையே நேரடியாகப் போட்டிருப்பார்கள். சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்பது ஐஎஸ்எஸ்எஃப் விதி. போட்டியில் உபகரணப் பரிசோதனையின்போது இதைக் கேட்பார்கள். அதைவிடவும் பெரிய விஷயம், 200 பார் அழுத்தத்தில் ஒரு பழைய உலோகக் குழாயைப் பிள்ளையின் தாடைக்குச் சற்று முன்னால் வைக்கிறோம் என்பது.

எனவே விற்பவர் அனுப்பும் படங்களில் முதலில் சிலிண்டர் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படத்தைக் கேளுங்கள். "தேதி அழிந்துவிட்டது", "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு, ஏழு வருஷம் மீதி இருந்தால் நல்லது. இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். நான் விசாரித்தபோது அது இருபதாயிரத்துக்கு மேல் போனது, வந்துசேரப் பல வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார்கள். உங்கள் மாடலுக்கு சிலிண்டர் இன்னும் கிடைக்கிறதா என்று விற்பனையாளரிடம் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, சைட் சேர்த்துத்தான் விலையா என்று கேளுங்கள். பின் டயாப்டர் (பீப் சைட்டின் இன்னொரு பெயர்), முன் சைட் டனல் (வளையம் பொருத்தும் குழாய்), வளையங்கள் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் பெரிய தொகை ஆகும். நல்ல டயாப்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு துப்பாக்கியை மட்டும் விற்பவர்கள் உண்டு. பெட்டி, அடாப்டர், அழுத்தத்தை இறக்கும் கருவி, ஆலன் கீகள், தொழிற்சாலைச் சோதனை அட்டை இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நேரில் போனால் சிலிண்டரை நிரப்பச் சொல்லி, அளவியில் எத்தனை பார் என்று குறித்துக்கொண்டு, ஒரு இரவு அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. சீல் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

7. சுட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் மையம் இலக்கு மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. அதற்குள்ளும் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம், 10.9 வரை. இந்த அளவில் விளையாடும்போது துப்பாக்கியில் சந்தேகம் இருக்கக் கூடாது.

கோச்சையோ, நன்றாகச் சுடும் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். துப்பாக்கியை மேசையில் தாங்கு வைத்து, ஒரே டின்னிலிருந்து பத்து பெல்லட் சுடச் சொல்லுங்கள். பத்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாக, வெளி ஓரங்களுக்கு இடையே ஆறு ஏழு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல பேரல். அகலமாகச் சிதறினால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வேறு பெல்லட்டில் ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டின்னில் எழுதியிருக்கும், அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் காட்டும்.

வேகம் அளக்கும் கருவி கிளப்பில் இருந்தால் பத்து ஷாட் அளந்து பாருங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே நொடிக்கு மூன்று மீட்டருக்குள் இருந்தால், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஒழுங்காக இருக்கிறது. ஷாட்டுக்கு ஷாட் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால் சர்வீஸ் தேவை.

8. பணக் கணக்கு

துப்பாக்கியின் விலையை மட்டும் வைத்துத் திட்டமிட்டால் பாதியில் திணறுவீர்கள். நான் விசாரித்த அளவில் சொல்கிறேன், நீங்கள் வாங்கும்போது மாறியிருக்கும்.

இந்தியத் தயாரிப்புப் போட்டி பிசிபி ஐம்பதாயிரத்தை ஒட்டித் தொடங்கும். நல்ல நிலையில் பழைய ஐரோப்பிய ரைஃபிள் ஒரு லட்சம் முதல் ஒன்றே முக்கால் லட்சம் வரை. புதியது இரண்டு லட்சத்துக்கு மேல் தொடங்கி நான்கு லட்சம் வரை போகும். ஜாக்கெட்டும் பேன்ட்டும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல், ஷூ தனி, கையுறை தனி. ஜாக்கெட் துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வேறொருவரின் பழைய ஜாக்கெட்டை வாங்கினால் அது பரிசோதனையில் தேறியதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறப்பது பெல்லட் செலவு. 500 பெல்லட் கொண்ட போட்டித் தர டின் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. நாளுக்கு எண்பது ஷாட், வாரம் ஐந்து நாள் என்றால் மாதத்துக்கு 1,600க்கு மேல் ஆகிறது, அதாவது மூன்றரை டின். வருஷத்துக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டும். அத்துடன் ரேஞ்ச் கட்டணம், கோச்சிங், போட்டி நுழைவுக் கட்டணம், பயணம். இரண்டரை லட்சம் கையில் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள். ஒன்றே கால் லட்சத்துக்கு வாங்கி, மீதியை ஜாக்கெட்டுக்கும் இரண்டு வருஷப் பெல்லட்டுக்கும் வைத்தால் பிள்ளை நன்றாக முன்னேறும். எங்கள் இரண்டாவது துப்பாக்கியை அப்படித்தான் வாங்கினோம்.

9. தாள்கள்

4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தாள் தேவையில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வாங்குபவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், எனவே பிள்ளைக்காக வாங்கும்போது பில் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்துப் போங்கள். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற உறுதிமொழித் தாளும் கேட்பார்கள்.

பில்லில் மாடல், விட்டம், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பேரலில் உள்ள எண்ணோடு அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது என்றால் விற்பவரின் அசல் பில், அவர் அடையாள அட்டை நகல், இன்ன எண் கொண்ட துப்பாக்கியை இன்னாருக்கு இன்ன தேதியில் இவ்வளவுக்கு விற்றேன் என்று கையெழுத்திட்ட கடிதம். அசல் பில் இல்லாத துப்பாக்கி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

பில் நகலையும் கிளப் உறுப்பினர் அட்டை நகலையும் துப்பாக்கிப் பெட்டிக்குள் எப்போதும் வைத்திருங்கள். பஸ் நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ பெட்டியைத் திறக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விமானத்தில் என்றால் செக்-இன் கவுண்டரில் சொல்லியே ஆக வேண்டும். சிலிண்டரைக் கழற்றி முழுவதும் காலி செய்து வைக்க வேண்டும். டெல்லி, போபால் போட்டிகளுக்குப் பறப்பவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே போகிறார்கள்.

போட்டிப் பதிவுக்குத் தனித் தாள்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், கிளப் உறுப்பினர் சான்று, மாநிலச் சங்கம் வழியாகப் பதிவு, மேல் நிலைப் போட்டிகளுக்கு தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள எண். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து, இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வயதுப் பிரிவு இதை வைத்துத்தான் முடிவாகும். எங்களுக்கு ஆதாரில் இனிஷியல் திருத்தவே மூன்று வாரம் போனது.

10. எப்போது தொடங்குவது

மாவட்டம், மாநிலம், தென்மண்டலம், மாவலங்கர் (தேசியப் போட்டிக்கான தகுதிப் போட்டி), தேசியப் போட்டி என்று படிகள் ஏறும் சீசன் பொதுவாக ஆண்டின் நடுவில் சூடுபிடித்து டிசம்பர் பக்கம் முடிகிறது. புதிய துப்பாக்கிக்கு முன்பணம் கொடுத்தால் கையில் வர இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அளவெடுத்துத் தைக்கும் ஜாக்கெட்டுக்கு ஒரு மாதமாவது வேண்டும். துப்பாக்கி வந்த பிறகு உடம்பு அதற்குப் பழக மூன்று மாதம். பின்னோக்கி எண்ணினால், ஜூலைப் போட்டிக்கு முந்தின அக்டோபரிலேயே தேட ஆரம்பிக்க வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு புதுத் துப்பாக்கி வந்தால் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பழகிய துப்பாக்கியில் சுடட்டும்.

11. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

சீரியல் நம்பர், சிலிண்டர் முடியும் தேதி இரண்டையும் படமெடுத்து வையுங்கள். சிலிண்டர் தேதிக்கு ஒரு வருஷம் முன்னதாகப் போனில் நினைவூட்டல் போடுங்கள்.

காற்றை மெதுவாக நிரப்புங்கள், வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகும். விமானப் பயணம் தவிர மற்ற நாட்களில் முழுவதும் காலியாக வைக்காமல் கொஞ்சம் அழுத்தம் இருக்கட்டும், சீல்கள் நன்றாக இருக்கும். காற்று போகும் பாகங்களில் தையல் மெஷின் எண்ணெயோ வேறு பெட்ரோலிய எண்ணெயோ படக் கூடாது, தயாரிப்பாளர் சொல்லும் சிலிகான் கிரீஸ் மட்டும்தான். கடலோர ஊர்க்காரர்கள் சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து, பெட்டிக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள். காரில் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சீக் பீஸ், பட் பிளேட் ஆகியவற்றின் அளவுகளை முதல் நாளே ஒரு நோட்டில் குறியுங்கள். மாற்றினால் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, தேதியோடு எழுதுங்கள். பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். துப்பாக்கியும் பெல்லட்டும் தனித்தனி இடத்தில், பூட்டுக்குள், சாவி பெரியவர்களிடம்.